குறுக்கே வந்த கை

என் மகள் அனுசியாவுக்கு மூன்று வயதாக இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் எங்கள் தெருவில் அவள் கேள்வி கேட்காத ஆள் கிடையாது. தம்பி பிறந்து ராஜபாளையம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அத்தனை கேள்வியும் என் பக்கம் திரும்பிவிட்டது. நான் பால் கொடுக்க உட்கார்ந்தால் போதும், விளையாட்டுச் சாமானைப் போட்டுவிட்டு ஓடிவந்து எதிரே குத்தவைத்துக்கொள்வாள்.

“அம்மா, இதுக்குள்ள டேங்க் இருக்கா?”

“இல்ல.”

“அப்ப எப்பிடி வருது? மோட்டர் போட்டியா?”

“செத்த நேரம் வாய மூடிக்கிட்டு இருடி.”

“ரெண்டுலயும் ஒரே பாலா?”

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அவள் கை. பிள்ளை வாய் வைத்துச் சப்பத் தொடங்கியதும் அந்தக் கை குறுக்கே வரும். உள்ளங்கையால் அவன் வாயை மறைப்பாள். இல்லாவிட்டால் காலைப் பிடித்து இழுப்பாள். அவன் வீறிடுவான். நான் அதட்டுவேன். அவள் அவனைவிடப் பெரிதாக அழுவாள். இரண்டு பேரையும் அமர்த்துவதற்குள் சின்னவன் அரை வயிற்றோடு தூங்கிப்போவான். கதவைச் சாத்திக்கொண்டும் கொடுத்துப் பார்த்தேன். அவள் கதவை இடித்த இடியில் அவன் திடுக்கிட்டு விழித்தானே தவிர, குடிக்கவில்லை.

பதினைந்தாம் நாள் புதன்கிழமை ஆஸ்பத்திரியில் நர்சம்மா அவனை எடை போட்டுப் பார்த்தார். பிறந்தபோது இரண்டு கிலோ எண்ணூறு கிராம். இப்போது இரண்டு கிலோ அறுநூறு.

“இந்நேரம் பொறந்த எடைக்கு வந்திருக்கணும்மா. ஒவ்வொரு தடவையும் வயிறு நெறயக் குடிக்க விடு. அடுத்த புதங்கெழமையும் ஏறலேன்னா டாக்டரம்மாட்ட கேட்டு டின் பால் ஆரம்பிச்சிரலாம்” என்றார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டின் பால் குடித்த பிள்ளைகளும் நன்றாகத்தான் வளர்கிறார்கள், தெரியும். ஆனால் எனக்குப் பால் இல்லாமல் இல்லை. நைட்டி நனைந்து போகிற அளவுக்கு இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு பிள்ளையை மெலிய விடுகிறேனே என்பதுதான் தாங்கவில்லை.

பக்கத்து வீட்டு வெங்கடேஸ்வரி அக்கா “அய்யோ பாபம்” என்று தெலுங்கில் பரிதாபப்பட்டுவிட்டு, தமிழில் தீர்ப்புச் சொன்னார். “எல்லாம் பொறாம. பெரியவள ஒரு மாசம் உங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிரு நாகஜோதி. இவன் பொழச்சுக்கிடுவான்.”

என் வீட்டுக்காரர் மாரிசெல்வத்துக்கும் அதுவே சரியாகப் பட்டது. சனிக்கிழமை மில்லில் லீவு சொல்லிவிட்டு அனுசியாவை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய் விடுவதென்று முடிவாயிற்று. பெற்ற பிள்ளையைத் துரத்துகிறோமே என்று எனக்கு மனசே இல்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை காலை அவள் கவுன்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் தொட்டிலுக்குள் தலையை நீட்டித் தம்பியிடம் ஏதோ ரகசியம் பேசிக்கொண்டிருந்தாள். அவள் ரகசியம் தெருமுனைவரை கேட்கும்.

“தம்பி, நான் பெரியம்மா வீட்டுக்குப் போறேன். அம்மா பால் குடுத்தா குடிக்காத, என்ன? ரொம்பக் கசக்கும்டா. தூன்னு துப்பிரு. சோறு கேளு.”

மடித்துக்கொண்டிருந்த கவுனைக் கீழே வைத்தேன்.

போன ஆடிப்பூரத் தேருக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். சின்னவன் அப்போது வயிற்றில் இரண்டு மாதம். அனுசியா பாலை மறக்கிற வழியாக இல்லை. அக்காதான் வேப்பெண்ணெய்ப் பாட்டிலைக் கையில் கொடுத்தாள். தடவிக்கொண்டேன். ஒரு வாய் சப்பியதும் பிள்ளையின் முகம் கோணிய கோணலைப் பார்த்து இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதற்குப் பிறகு அவள் கேட்டபோதெல்லாம் “அம்மா பால் கசந்துபோச்சு” என்றே சொல்லி ஓட்டினேன். அவள் அதை இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாள். தம்பியை அந்தக் கசப்பிலிருந்து காப்பாற்றத்தான் கையைக் குறுக்கே வைத்திருக்கிறாள். நாங்கள் அதற்குப் பொறாமை என்று பேர் வைத்துவிட்டோம்.

அவளை மடியில் உட்காரவைத்து, விரல் நுனியில் ஒரு சொட்டுப் பாலை எடுத்து நீட்டினேன். உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

“கசக்காதுட்டி. பாரு.”

வெகுநேரம் யோசித்துவிட்டு நாக்கு நுனியால் தொட்டாள். கண் விரிந்தது.

“இனிக்கும்மா!”

அடுத்த நொடியே புருவம் சுருங்கியது.

“அப்ப எனக்கு மட்டும் ஏன் கசந்துச்சு?”

அது பழைய பால், இது புதுப் பால் என்று ஒரு பொய் வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

“அம்மாதான் வேப்பெண்ணெயத் தடவுனேன். நீ பால மறக்கணும்னு.”

“பொய் சொன்னியா?”

“ஆமா. தப்புதான்.”

என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். வாங்கிக்கொண்டேன். எனக்கு வர வேண்டியதுதான் அது. அதற்குள் தொட்டிலில் சின்னவன் சிணுங்கினான். அவள் இறங்கிப் போய் எட்டிப் பார்த்துவிட்டு, “குடிக்கட்டும்” என்று உத்தரவு கொடுத்தாள்.

அன்றைக்கு அரைமணி நேரம் குடித்தான். கை எதுவும் குறுக்கே வரவில்லை. மடித்து வைத்த கவுன்களைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். ஆனால் அனுசியா லேசுப்பட்டவள் இல்லை. அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் ஒரு சொட்டு அவள் நாக்குக்குப் போகாமல் தம்பிக்கு அனுமதி கிடையாது.

அடுத்த புதன்கிழமை நர்சம்மா எடை மெஷினை இரண்டு தரம் பார்த்தார். இரண்டு கிலோ எண்ணூற்று நாற்பது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

“டின்னும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஒரே வாரத்துல எம்புட்டு ஏறியிருக்கான்! என்னம்மா செஞ்ச?”

நான் வாயைத் திறப்பதற்குள் அனுசியா முன்னால் வந்துவிட்டாள். “நான் நக்கிப் பாத்துத்தான் குடிக்க விடுதேன். எங்கம்மா பொய் சொல்லும்.”

வரிசையில் பிள்ளையோடு நின்றிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நர்சம்மா குனிந்து அவள் கன்னத்தைத் தட்டினார்.

“அதான் அம்மா இப்ப பொய் சொல்லலையே. இன்னும் நக்கிப் பாக்கணுமா?”

அனுசியா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“பாக்கணும்லா?” என்றாள்.