படிக்காமல் தந்த பெயர்

குமுதாவும் தேவிஸ்ரீயும் ஒருவர் கட்டுரையில் மற்றவர் பெயரையும் சேர்த்துக்கொள்வதென்று முடிவு செய்தபோது, அதில் குற்றம் இருப்பதாக இருவருக்கும் தோன்றவில்லை. ஈப்போ நகரிலுள்ள தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் இருவரும் விரிவுரையாளர்கள். குமுதாவின் துறை சமூகவியல். தேவிஸ்ரீயின் துறை சுற்றுச்சூழல் அறிவியல். பதவி உயர்வுக்கு ஆய்விதழ்களில் கட்டுரைகள் வந்திருக்க வேண்டும். பாடவேளைகளோ ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போயின. எழுத நேரம் கிடைக்காதவர்கள் பெயரைக் கைமாற்றிக்கொள்வது அங்கே புதிய வழக்கமும் அன்று.

"கல்யாணத்துல மொய் எழுதுற மாதிரிதான் லா," என்றாள் தேவிஸ்ரீ, சிற்றுண்டிச்சாலையில். "எங்க வீட்டு விசேஷத்துக்கு நீ வை, உங்க வீட்டு விசேஷத்துக்கு நான் வைக்கிறேன். இதுல யாருக்கு நட்டம்?"

"கட்டுரை எதப் பத்தின்னாவது சொல்லு."

"கிணத்துத் தண்ணி. உங்க தோட்டத்துலதான் சாம்பிள் எடுக்கறோம். உங்க தலைவரு தர்மாகிட்டப் பேசி எங்கள உள்ள விட வச்சது யாரு? நீதானே? அதுக்கே உன் பேரப் போடலாம்."

குமுதாவின் கட்டுரையொன்றில் தேவிஸ்ரீயின் பெயர் முன்பே ஏறியிருந்தது. ஆகவே அவள் மறுக்கவில்லை. சில மாதங்களுக்குப் பின் ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல் வந்தது: கட்டுரையாளர் ஒவ்வொருவரும் இறுதிப் படியைப் படித்தேன், அதன் உள்ளடக்கத்துக்குப் பொறுப்பேற்கிறேன் என்று உறுதி கூற வேண்டும். இரு வகுப்புகளுக்கு இடையே, மாடிப்படியில் நின்றபடி, கைத்தொலைபேசியில் அவள் உறுதி கூறினாள். மாணவர் ஒருவர் அடிக்குறிப்பில் பக்க எண்ணை விட்டுவிட்டால் கட்டுரையையே திருப்பிக் கொடுப்பவள், இதைத் திறந்தும் பார்க்கவில்லை.

தாப்பா நகரைத் தாண்டி இருக்கிறது ஒத்தப்பாலம் தோட்டம். ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்டுப் பல காலம் ஆயிற்று. நிலத்தை வாங்கிய கம்பெனிக்குப் பழைய தொழிலாளர் லயங்கள் தேவைப்படவில்லை. அவற்றில் குடியிருந்தவர்களும் தேவைப்படவில்லை. போக்கிடமில்லாத குடும்பங்கள் அங்கேயே தங்கிவிட்டன. பழைய நிருவாகம் ஓட்டிய நீரிறைப்பி நின்றுபோனதால், அவர்கள் கிணறுகளை நம்பினார்கள். குடிப்பதற்கு மட்டும் பெரிய சாலையோரக் குழாய்க்குச் சென்று பிடித்து வந்தார்கள். வீட்டுக்கு வீடு குழாய் வேண்டுமென்று ஆண்டுக்கணக்காக விண்ணப்பித்துக்கொண்டும் இருந்தார்கள். குமுதா பிறந்து வளர்ந்தது அங்கேதான். அவளுடைய தந்தை ஐயாவு அங்கே பால் மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர், அங்கேயே இறந்தவர்.

கட்டுரை வெளிவந்து இரண்டு மாதம் கழித்து, அவளுடைய அறைக்குத் தர்மா வந்தான். பள்ளி வேன் ஓட்டுபவன். தோட்டக் குடியிருப்பாளர் குழுவின் தலைவன். தொடக்கப்பள்ளியில் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். உட்காரச் சொல்லியும் உட்காராமல், அச்செடுத்த தாள்களை மேசைமேல் வைத்தான்.

"போன மாசம் தாப்பாவுல தண்ணி ஆப்பிஸுக்குப் போனேன், வீட்டுக்குத் தண்ணி பாயிப் எப்ப வரும்னு கேக்க. அங்க இருக்கற ஆளு இதத் தூக்கி முன்னால வச்சான். கிணத்துத் தண்ணி செலாமாட்டாம், பயமில்லாமக் குடிக்கலாமாம். உங்களவிடத் தண்ணி இல்லாமச் சுசா படற கம்போங்கு ஜனங்களுக்குத்தான் முதல்லன்னு சொல்லிட்டான். யாரு சொன்னதுன்னு கேட்டேன். 'ஐயாவு சொல்லியிருக்காரு'ங்கிறான்."

குமுதா நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. ஐயாவு மாமா போய்ச் சேர்ந்து எவ்ளோ காலமாச்சு, அவரு எப்ப ஆராய்ச்சி பண்ணாருன்னு. அப்புறம்தான் உன் பேரப் பார்த்தேன்."

இதழ்கள் ஒருவர் பெயரின் இறுதிப் பகுதியைக் குடும்பப் பெயராகக் கொண்டு, அதையே மேற்கோளில் இடும். தோட்டத்துத் தமிழருக்குக் குடும்பப் பெயர் ஏது? தந்தையின் பெயரே இறுதியில் நிற்கும். பிற ஆய்வாளர்கள் தன் கட்டுரைகளை 'ஐயாவு' என்று சுட்டும்போதெல்லாம் குமுதா உள்ளூர மகிழ்ந்திருக்கிறாள். இப்போது அந்தப் பெயரைக் கேட்டபோது முகம் சுட்டது.

"நான் வந்து எல்லாத்துக்கும் சொன்னேன்," என்று தொடர்ந்தான் தர்மா. "செல்லாயி சின்னம்மாதான் தெருத்தெருவாப் போயி, 'நம்ம ஐயாவு மகளே எழுதியிருக்கு, இன்னும் என்னடி ரோட்டுக்கு வாளியத் தூக்கிட்டு ஓடறீங்க'ன்னு பேசிச்சு. பாதிப் பேரு ரோட்டுத் தண்ணி பிடிக்கறத விட்டுட்டாங்க. நானும் விட்டுட்டேன். இப்பப் புள்ளைங்களுக்கு வயித்தால போகுது. என் மக ஆஸ்பத்திரில படுத்திருக்கா, கையில ஊசி குத்தி."

"இப்ப எப்படி இருக்கா?"

"தேறிக்கிட்டு வாரா. நான் சண்டைக்கு வரல, குமுதா. தண்ணியினாலயா, வேற எதனாலயான்னு தெரியணும். நீ எழுதுனது நெசம்தானே?"

"பாத்துட்டுச் சொல்றேன், தர்மா."

அவன் புருவத்தைச் சுருக்கினான். "எழுதுனவ எதுக்குப் பாக்கணும்?"

அவள் தாள்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவனும் வற்புறுத்தாமல், வேனை வாசலை மறித்து நிறுத்தியிருப்பதாகக் கூறிப் புறப்பட்டுவிட்டான்.

தன் பெயர் தாங்கிய கட்டுரையைக் குமுதா அன்றுதான் முதன்முதலாகப் படித்தாள். நீண்ட கட்டுரையன்று. வேதியியல் குறியீடுகள் வந்த இடங்களில் தடுமாறினாலும், மூன்றாம் பக்கத்து அட்டவணையைப் படிப்பதற்கு எந்தப் புலமையும் தேவைப்படவில்லை. தண்ணீர் எடுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட கிணறுகளின் பெயர்கள் அதில் வரிசையாக இருந்தன. அவற்றுள் ஒன்று மேட்டு லயத்துக் கிணறு.

மேட்டு லயத்தில் கிணறே இல்லை. அவள் சிறுமியாக இருந்தபோது அங்கிருந்த கிணற்றில் கன்று ஒன்று விழுந்து செத்தது. மண்ணைக் கொட்டி மூடிவிட்டார்கள். மூடியவர்களுள் அவளுடைய தந்தையும் ஒருவர். இப்போது அவ்விடத்தில் வாழை நிற்கிறது. ஒருமுறை, ஒரே ஒருமுறை, இந்தப் பக்கத்தை அவள் பார்த்திருந்தால் போதும், கட்டுரை அச்சேறியிராது.

உடனே தர்மாவை அழைத்தாள். "கிணத்துத் தண்ணிய யாரும் குடிக்க வேணாம்னு சொல்லு. இன்னைக்கே சொல்லு."

"ஏன், என்ன ஆச்சு?"

"அப்புறம் சொல்றேன்."

சொல்ல வேண்டியதில் பாதியைத்தான் சொன்னாள்.

மறுநாள் தேவிஸ்ரீயின் அறைக் கதவைச் சாத்திவிட்டு அட்டவணையைக் காட்டினாள். தேவிஸ்ரீ வணிகக் குடும்பத்தில் பிறந்தவள். எதற்கும் எளிதில் கலங்காதவள். கைத்தொலைபேசியை எடுத்து யாரையோ அழைத்து, தாழ்ந்த குரலில் பேசிவிட்டு வைத்தாள்.

"நான் நேர்ல போகல," என்றாள் கடைசியில். "உதவியாளுங்களத்தான் அனுப்பினேன். இப்ப போன் பண்ணிக் கேட்டா, அன்னைக்கு மழையாம், பாதை முழுக்கச் சேறாம். கோயில் பக்கத்துத் தொட்டியிலேயே எல்லாப் போத்தலையும் நிரப்பிட்டு வந்துட்டாங்க."

"அந்தத் தொட்டிக்குச் சாமி பூசைக்குன்னு ரோட்டுக் குழாய்த் தண்ணியத்தான் லாரியில கொண்டாந்து ஊத்துவாங்க."

"அது எனக்கு எப்படித் தெரியும்? கிணத்துப் பேரெல்லாம் பழைய தோட்ட வரைபடத்துலேர்ந்து எடுத்தது."

"நேர்ல போயிருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

"நீ படிச்சிருந்தாலும் தெரிஞ்சிருக்கும்!" தேவிஸ்ரீயின் குரல் உயர்ந்தது. "உன் ஊருதானே? அங்க கிணறு இல்லேன்னு நீ சொல்றதுக்குத்தானே உன் பேரு அங்க இருக்கு? என்னை மட்டும் குத்தம் சொல்லாதே."

அந்தச் சொல்லில் கோபம் இருந்தது. ஆனால் பிழை இல்லை.

தேவிஸ்ரீ எழுந்து வந்து பக்கத்தில் அமர்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இங்க பாரு. அட்டவணைல ஒரு கிணத்துப் பேரு மாறிப் போச்சுன்னு சின்னதாத் திருத்தம் போட்டுக்கறேன். உனக்குச் சங்கடம்னா உன் பேர எடுக்கச் சொல்லி எழுது, நான் சம்மதிக்கிறேன். உங்க ஊருல உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சரியா?"

அன்று மாலை வீட்டில் குமுதா அந்த விண்ணப்பத்தை எழுதினாள். இந்த ஆய்வில் தன் பங்கு கட்டுரையாளர் என்னும் தகுதிக்குப் போதாது. ஆகவே தன் பெயரை நீக்க வேண்டும். ஒருமுறைக்கு இருமுறை படித்தாள். எழுதிய ஒவ்வொரு சொல்லும் உண்மை. எழுதிய நோக்கம் மட்டும் பொய். பெயரை எடுத்துவிட்டால் கட்டுரை அங்கேயே நிற்கும். தண்ணீர் நல்லது என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். அலுவலகத்தில் யாராவது அதை எடுத்துத் தர்மாவின் முன்னால் வைத்துக்கொண்டே இருப்பார்கள். அவள் மட்டும் வெளியே வந்திருப்பாள். வெளியே வந்தவள் அந்தக் கட்டுரையைப் பற்றி என்ன முறையிட்டாலும், அது வழிப்போக்கர் முறையீடாகவே எண்ணப்படும். 'இது என் கட்டுரை, இதைத் திரும்பப் பெறுகிறேன்' என்று கேட்கும் உரிமை, பெயர் உள்ளவரைதான் உண்டு. தகுதியில்லாமல் வாங்கிய பெயர். அதை வைத்துக்கொண்டால்தான் தீங்கை நிறுத்த முடியும்.

விண்ணப்பத்தை அழித்தாள். வேறொரு கடிதம் எழுதினாள். தண்ணீர் கிணறுகளிலிருந்து எடுக்கப்படவில்லை என்று எழுதினாள். இறுதிப் படியைப் படித்ததாகத் தான் கூறிய உறுதி பொய் என்று எழுதினாள். தன்னுடைய முந்தைய கட்டுரையில் தேவிஸ்ரீயின் பெயர் இருப்பதும் இவ்வகையானதே என்று, அதை வெளியிட்ட இதழுக்கும் தனியே எழுதினாள். அனுப்புவதற்கு முன் தேவிஸ்ரீயிடம் காட்டினாள். மறைவாகச் செய்ய மனம் ஒப்பவில்லை.

தேவிஸ்ரீ திரையைப் பார்த்தாள். கடைசி வரி வரை படித்துவிட்டு, "அடுத்த மாசம் எனக்கு நேர்முகம்," என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சும் அனுப்பப் போறே."

"ஆமா."

"மொய் வாங்கித் தின்னுட்டுப் பந்தியக் கலைக்கிறவளை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்." தேவிஸ்ரீ கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். அதன்பின் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் குடியிருப்பாளர் குழு கூடியது. அவள் முழுவதையும் தொலைபேசியில் சொன்னபோது, என்னிடம் மட்டும் சொன்னால் போதாது, எல்லார் முன்னும் சொல் என்று தர்மா கூறியிருந்தான். குமுதா நின்றுகொண்டே சொன்னாள். ஆய்வு என்றால் என்ன, இதழ் என்றால் என்ன என்றெல்லாம் விளக்க எண்ணி வந்தவளால் அதிகம் பேச இயலவில்லை.

செல்லாயி சின்னம்மா முன்வரிசையில் இருந்தார். குமுதாவின் தாய்க்குத் தங்கை. பேச்சை இடையில் நிறுத்தினார்.

"இரு, இரு. தண்ணிய நீ பாக்கல?"

"பாக்கல, சின்னம்மா."

"எழுதுனதும் நீ இல்ல?"

"இல்ல."

"எழுதுனத படிக்கவாச்சும் செஞ்சியா?"

"இல்ல, சின்னம்மா."

"பின்ன உன் பேரு எப்படிடி அங்க வந்துச்சு?"

"கேட்டாங்க. குடுத்தேன்."

மண்டபத்தில் பின்னாலிருந்து யாரோ ஒருவர் சிரித்தார். யாரும் உடன் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார். செல்லாயி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"உன் பேரு உன்னோடது, குடுத்துட்டே. அப்பன் பேரயும் சேத்துல்ல குடுத்திருக்கே. அவுக கிட்டக் கேட்டியா? நான் அந்தப் பேர நம்பித்தாண்டி வீடு வீடாப் போயிச் சொன்னேன். இனி அந்த வீட்டுக்கெல்லாம் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்?"

குமுதா தலை குனிந்து நின்றாள். வசை வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. செல்லாயி எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மண்டபத்தை விட்டு வெளியே போனார். அவர் முதலில் போன வீடு மண்டபத்துக்கு எதிர்வீடு; கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காதே என்று வாசலில் நின்று அவர் சொல்வது உள்ளே கேட்டது. பிறகு அடுத்த வீடு.

கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. காரணத்தோடு, இருவர் பெயரோடும், இதழ் அறிவிப்பு வெளியிட்டது. அந்த அறிவிப்பு இனி அழியாது. பல்கலைக்கழகம் விசாரணை வைத்தது. தேவிஸ்ரீயின் நேர்முகம் தள்ளிவைக்கப்பட்டது. குமுதா ஆய்வு மாணவர்களை வழிநடத்தும் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டாள். அது முறையே என்று அவள் கருதினாள்; கருதியதால் வலி குறைந்துவிடவில்லை. கட்டுரை போயிற்று என்பதற்காகத் தண்ணீர் வந்துவிடவுமில்லை. தோட்டத்தின் விண்ணப்பம் வரிசையின் கடைசிக்குப் போயிருந்தது. மறுபடியும் முதலிலிருந்து எழுத வேண்டும்.

தர்மா புதிய விண்ணப்பத்தை எழுதி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினான். அவனுடைய மகள் வீடு திரும்பிப் பள்ளிக்கும் போகத் தொடங்கியிருந்தாள். அவன் வேன் பழுதாகிக் கிடந்ததால், குமுதா தன் காரில் அவனைத் தாப்பாவுக்கு அழைத்துப் போனாள். வழியில் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"நானும் ஒரு கையெழுத்துப் போடட்டுமா? அங்க பொறந்தவங்கிற முறையில."

தர்மா மடியிலிருந்த விண்ணப்பக் கோப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம், குமுதா. ஏசறேன்னு நெனைச்சுக்காதே. உன் பேரு இருந்தா அந்தாளு பழைய பேப்பரத் தேட ஆரம்பிப்பான். எது நெசம், எது பொய்னு மறுபடியும் மொதல்லேர்ந்து கேப்பான். எங்க பேரு மட்டும் போதும்."

"சரி."

"கோவமா?"

"இல்ல, தர்மா. நீ சொல்றது சரிதான்."

அலுவலக வாசலில் காரை நிறுத்தினாள். மழை தூறத் தொடங்கியிருந்தது. தர்மா கோப்பைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கதவைத் திறந்தான். பிறகு, இவளும் இறங்கிவிடுவாளோ என்று ஐயுற்றவனாய்த் திரும்பிப் பார்த்தான்.

"நீ வண்டிலயே இரு லா. நான் குடுத்துட்டு வாரேன்."

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவன் வரிசையில் நிற்பது தெரிந்தது. அவனுக்கு முன்னால் பலர் இருந்தார்கள். குமுதா இறங்கவில்லை.