தள்ளி அடைத்த வேலி

என் அக்கா யோகம்மாவுக்கு வேலி என்றால் உயிர். வேலணையில் எவருடைய வேலி ஒரு சாண் நகர்ந்தாலும் தன் காணியே பறிபோனதுபோலத் துடிப்பாள். எண்பத்து நான்காம் ஆண்டு பங்குனியில் அவளுடைய வேலியே நகர்ந்துவிட்டது.

அவள் காரைநகருக்குக் கலியாணம் ஒன்றுக்குப் போய்த் திரும்பினாள். வேலிக்கு நட்ட கிளுவைக் கதியால்கள் எல்லாம் எங்கள் வளவுக்குள் இரண்டு அடி தள்ளி நின்றன. புதுத் தென்னோலைக் கிடுகு வேறு கட்டியிருந்தது. பக்கத்து வளவு ஏரம்பு காணி பிடித்துவிட்டார் என்று வழக்குப் போட்டாள். வழக்கில் இரண்டு அடி ஐந்து அடியாயிற்று.

உண்மையில் வேலியைப் பிடுங்கி நட்டது அவளுடைய மகள் மீனலோசனி. பதினைந்து வயது. அந்த நாட்களில் அவளுக்கு நித்திரை இல்லை, வாய் ஓயவில்லை. ஏரம்பருக்கு முருங்கை வைக்க இடம் காணாதாம், பாவமாம். நான் மறிக்க மறிக்க அடைத்து முடித்தாள். இதைச் சொன்னபோது அக்கா என்மேல் பாய்ந்தாள், படிக்கிற பிள்ளை கதியால் பிடுங்குமோ என்று. ஆனால் கிழிந்திருந்த மகளின் கைகளுக்கு எண்ணெய் பூசியது அவள்தான். எப்படித் தெரியாமல் போகும்?

ஆவணியில் அதே பிள்ளை பாயில் விழுந்தாள். குளிப்பில்லை, சாப்பாடில்லை, பேச்சில்லை. யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினோம்.

டொக்டரிடம் அக்கா பாயில் கிடப்பதை மட்டும் சொன்னாள். இதற்கு முன் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் திரிந்தாளா என்று அவர் கேட்டார். அப்படி இருந்திருந்தால் இரண்டும் ஒரே வருத்தத்தின் இரண்டு முகம், அதற்கு மருந்து வேறு. சோர்வுக்கு மட்டும் குளிசை கொடுத்தால் பிள்ளை மறுபடி தலைகால் தெரியாமல் கிளம்பிவிடும் என்றார். நான் வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

டொக்டர் மருந்துத் துண்டை எடுத்து எழுதத் தொடங்கினார். அக்கா மகளின் சிக்குப் பிடித்த தலையைப் பார்த்தாள்.

"எழுதாதேங்கோ டொக்டர். பங்குனியில நித்திரை கொள்ளாமல் வேலியைப் பிடுங்கித் தள்ளி அடைச்சவள் இவள்தான். ரெண்டடி. ஏரம்பண்ணையில ஒரு பிழையும் இல்லை."

வழக்குப் போட்ட நாளிலிருந்து அந்த மனிதரை அவள் அண்ணை என்று சொன்னதில்லை. டொக்டர் துண்டைக் கிழித்துப் போட்டு, பங்குனியைப் பற்றி ஆறுதலாகக் கேட்கத் தொடங்கினார். மருந்து மாறியது.

திரும்பும்போது பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறியது. அந்த ரெண்டடியில வைச்ச முருங்கை பிழைச்சிட்டுதோ என்று அக்கா என்னிடம் கேட்டாள்.

"துளிர்த்திருக்கு, அம்மா," என்றாள் மீனலோசனி.

எத்தனையோ நாளைக்குப் பிறகு பிள்ளை வாய் திறந்தது அப்போதுதான். அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.