ஆமையின் சிநேகிதி

டெல்மர் ஹட்சின்ஸ் வீட்டுப் புல்வெளியில் கவர்னரின் பெயர் போட்ட பலகைகள் மூன்று நட்டிருந்தன. பக்கத்தில் நிற்கும் காரின் பம்பரில் பூங்கா ஊழியர்களுக்கு மட்டும் தரும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பலகைகள் டெல்மருடையவை, கார் அவர் மனைவி ட்வைலாவுடையது. எங்கள் டிரெய்லர் குடியிருப்பில் நான் நேர் எதிர் வீடு. என் சமையலறை ஜன்னல் அவர்கள் வாசலைப் பார்த்தபடி அமைந்தது என் குற்றமில்லை.

பூங்கா என்றால் எங்கள் ஊரில் அந்தக் கேளிக்கைப் பூங்கா ஒன்றுதான். சுற்று வட்டாரத்தில் மூன்று வீட்டுக்கு ஒருவர் அங்கே வேலை பார்க்கிறார். மற்றவர்கள் அங்கே வருகிறவர்களுக்கு எதையாவது விற்கிறார்கள். ஐம்பது வருடமாகப் பூங்கா தன் சாலையையும் சாக்கடையையும் தீயணைப்பு வண்டியையும் ஆம்புலன்ஸையும் தானே ஒரு குழு வைத்து நடத்தி வந்தது. யாரும் கேட்டதில்லை. போன வருடம் பூங்காவின் தலைவர், கவர்னர் கொண்டுவந்த சட்டம் ஒன்று நல்லதல்ல என்று ஒரு விருந்தில் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். மாநிலத் தலைநகர் டாலஹாசியில் இருந்த கவர்னருக்குக் கோபம் வந்தது. குழுவைக் கலைத்து, தன் ஆட்கள் ஐந்து பேரை உட்கார வைத்தார். வந்த ஐவரும் முதல் வேலையாக, பூங்காவுக்குள் நிற்கும் ஆம்புலன்ஸ் வீண் செலவு, எடுத்துவிடலாமா என்று பொதுமக்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

ட்வைலா பேசப் பெயர் கொடுத்தாள். அதற்கு அவளிடம் காரணம் இருந்தது.

அவள் நாலடி பத்து அங்குலம். டட்லி என்கிற ஆமைக்குள் அந்த உயரம்தான் நுழையும். பூங்காவின் ஊர்வலத்தில் தினமும் இரண்டு முறை, முதுகில் ஓடும், தலையில் மாலுமித் தொப்பியுமாக ஆடிக்கொண்டு போகும் அந்த ஆமைக்குள் இருபத்திரண்டு வருடமாக இருப்பவள் ட்வைலா. இது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் யாரும் சொல்ல மாட்டோம். பூங்காவில் சட்டம் அப்படி. ஆமை ஆமைதான், உள்ளே ஆள் கிடையாது. வேலை என்னவென்று கேட்டால் 'டட்லியின் சிநேகிதி' என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு குழந்தைக்குத் தெரிந்துபோனாலும் வேலை போய்விடும். பெற்ற தாய் சாகும்வரை அவளிடமும் சிநேகிதி என்றே சொன்னவள் ட்வைலா.

அந்த வேலை போனால் அதோடு வரும் மருத்துவக் காப்பீடு போகும். காப்பீடு போனால் டெல்மரின் மாத்திரை போகும். ரத்தத்தில் புற்று வந்து மூன்று வருடமாக, தினம் ஒரு மாத்திரையில் மனுஷன் ஓடிக்கொண்டிருக்கிறார். கவர்னருக்குக் கை தட்டும் அந்தக் கையில் ஓடும் ரத்தம் பூங்காவின் உபயம். இதை நான் அவரிடம் சொன்னதில்லை. மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

கூட்டத்தன்று ட்வைலா முன்வரிசையில் பூங்கா ஆட்களோடு உட்கார்ந்தாள். டெல்மர் மூன்றாம் வரிசையில், கவர்னர் கட்சியின் சிவப்புத் தொப்பிக்காரர்களோடு உட்கார்ந்தார். நான் நடுவில், இரண்டு பக்கமும் காது கேட்கும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். டிவியில் நேரடியாகப் போய்க்கொண்டிருந்தது. ஆளுக்கு மூன்று நிமிடம்.

"என்ன வேலை பாக்கறீங்க மேடம்?" என்றார் குழுத் தலைவர் விட்பி. பழைய கார்களை விற்றுப் பெரிய ஆளானவர்.

"டட்லியோட சிநேகிதி, ஐயா."

"நான் கேட்டது வேலை."

"அதான் ஐயா வேலை. ஆகஸ்ட் வெயில்ல ரெண்டு தடவை மயங்கி விழுந்தேன். நாலே நிமிஷத்துல ஆம்புலன்ஸ் வந்துச்சு. அதை எடுத்துட்டீங்கன்னா வெளியில இருந்து வரணும். இருபது நிமிஷம் ஆகும்."

"ஆமைக்கு சிநேகிதியா இருந்தா மயக்கம் வருமா?"

"ரொம்ப நெருங்கின சிநேகிதம், ஐயா."

கூடம் அதிர்ந்தது. சிவப்புத் தொப்பிகளே சிரித்தன. விட்பிக்குக் காது சிவந்தது.

"பூங்கா சொல்லிக் குடுத்ததை ஒப்பிக்கறீங்க. வேலை எதுவும் செய்யாம சம்பளம் வாங்கறவங்கன்னு குறிச்சுக்கவா?"

ட்வைலா புன்னகை மாறாமல் நின்றாள். அது பூங்கா ஆட்களுக்குப் பயிற்சி. ஆனால் மூன்றாம் வரிசையில் ஒரு நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"யோவ்! இருபத்திரண்டு வருஷமா அந்த ஆமைக்குள்ள கெடந்து வேகறாய்யா என் பொண்டாட்டி! அந்த ஆமையே அவதான்! வேலை செய்யலைன்னு இன்னொரு தடவை சொல்லிப் பாரு!"

எங்கேயோ ஒரு குழந்தை அழுதது என்று பிற்பாடு சொன்னவர்கள் உண்டு. எனக்குக் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் நான் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். மழை பெய்து ஓய்ந்திருந்தாலும் விட்டேன்.

"எனக்காகப் பேசினியாக்கும்?" என்றாள் ட்வைலா, எதிர் வீட்டுக்குள்.

"அவன் உன்னை மட்டமா பேசறான், நான் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

"மூணு நிமிஷம். மூணே மூணு நிமிஷம் உன்னால தாங்க முடியல. நான் அந்த ஓட்டுக்குள்ள முக்கா மணி நேரம் தாங்கறேன், தங்கம்."

மறுநாள் பூங்கா அலுவலகத்திலிருந்து மிஸ் கின்டெரோ கூப்பிட்டாள். விதிப்படி ட்வைலா அன்றே வெளியே போக வேண்டியவள். ஆனால் இப்போது அவளை அனுப்பினால் டாலஹாசியில் பட்டாசு வெடிப்பார்கள். அதனால் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். தான் சொன்னது தப்பு என்று டெல்மர் அதே சபையில், அதே மைக்கில் சொல்ல வேண்டும். அடுத்த கூட்டம் பன்னிரண்டு நாளில். அதுவரை ட்வைலா வீட்டில் இருக்கட்டும். சொல்லாவிட்டால் அதற்குப் பிறகும் வீட்டிலேயே இருக்கட்டும்.

டெல்மர் தன் தப்பை ஒப்புக்கொண்டு இந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. கார் நிறுத்தக் கொட்டகை போட்டபோது பக்கத்து மனைக்குள் இரண்டடி போய்விட்டார். புயலில் நிலம் நகர்ந்துவிட்டது என்று சாதித்தார். பக்கத்து மனைக்காரர் கடைசியில் அதை நம்பினார்.

போதாக்குறைக்கு அதே நாள் டாலஹாசியிலிருந்தும் போன். குரல் சின்னப் பையனுடையது, பேச்சு பெரிய மனுஷத்தனமாக இருந்ததாம். பூங்கா உங்கள் மனைவியைத் துரத்தட்டும், நீங்கள் இரண்டு பேரும் கவர்னர் பக்கத்தில் மேடையில் நிற்கலாம், ஆமைக்குள் அடைத்து வைத்த கொடுமையை நாடு முழுக்கச் சொல்லலாம் என்றான். டெல்மர் இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டார்.

"மிஸ் நெட்டி, மேடையில நின்னா கவர்னர் தோள்ல கை போடுவாரா?" என்று என்னிடமே கேட்டார்.

"உங்க உயரத்துக்கு அவருக்கு எட்டணுமே," என்றேன்.

மூன்றாம் நாள் ட்வைலா மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து அவர் காபிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதுல பதினெட்டு இருக்கு. பத்தொன்பதாவது மாத்திரையை யாரு தருவாங்கன்னு அந்தப் பையன்கிட்ட கேளு."

டெல்மர் நிஜமாகவே கேட்டார். விசாரித்துவிட்டுக் கூப்பிடுகிறேன் சார் என்றான் பையன். கூப்பிடவில்லை. டெல்மர் ஒரு வாரம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு புல் வெட்டினார்.

கூட்டத்துக்கு ட்வைலா வரக் கூடாது என்று பூங்கா சொல்லிவிட்டது. நான்தான் டெல்மரைக் காரில் அழைத்துப் போனேன். எப்படியும் போகத்தான் இருந்தேன். பழைய கூட்டாளிகள் மூன்றாம் வரிசையில் அவருக்கு இடம் போட்டு வைத்திருந்தார்கள். அவர் பெயரைக் கூப்பிட்டதும் முதுகில் தட்டி அனுப்பினார்கள். விட்பியும் முகம் மலர்ந்தார்.

"சொல்லுங்க மிஸ்டர் ஹட்சின்ஸ். உண்மையை இந்தச் சபை கேக்கட்டும்."

டெல்மர் தொப்பியைக் கழற்றினார்.

"போன தடவை நான் சொன்னது தப்பு. என் மனைவி ஆமை இல்ல. ஆமை ஆமைதான்."

விட்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டார்.

"டட்லிங்கறது நிஜமான ஆமைன்னு சொல்றீங்களா?"

"ஆமாங்கய்யா."

"தொப்பி போட்டுக்கிட்டு, ரெண்டு கால்ல நிக்கற ஆமை?"

"பேசாது. ஆனா நல்லா ஆடும். நானே பாத்திருக்கேன்."

"மிஸ்டர் ஹட்சின்ஸ், உங்களுக்கு அறுபத்தோரு வயசு ஆச்சு."

"ஆச்சுங்கய்யா."

மூன்றாம் வரிசையில் ஒருவர் ஏதோ சொன்னார், மற்றவர்கள் சிரித்தார்கள். டெல்மர் கழுத்தில் நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன். போன தடவை நாற்காலி விழுந்ததற்கு முந்தின நொடி போலவே இருந்தது. அவர் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் ஒரு நிமிஷம் இருக்குல்ல? அந்த ஆமைக்கு வயசு ஐம்பத்தெட்டு. வெயில்ல மயங்கி விழுந்தா இருபது நிமிஷம் தாங்காது. அந்த ஆம்புலன்ஸை எடுக்காதீங்க."

குழு முடிவை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்தது. ட்வைலாவைத் திங்கட்கிழமை வரச் சொல்லி மிஸ் கின்டெரோ நாங்கள் வண்டி நிறுத்தும் இடத்துக்கு வருவதற்குள் சேதி அனுப்பிவிட்டாள். டெல்மரின் கூட்டாளிகள் எங்களைக் கடந்து போனார்கள். ஒருவர் மட்டும் தலையசைத்தார்.

காரில் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டு டெல்மர் பேசினார்.

"அந்த மைக்கைக் கொஞ்சம் உசத்தி வெச்சிருக்கலாம், மிஸ் நெட்டி. ஆறடி ஆளு வருவான்னு அவங்களுக்குத் தெரியாதா என்ன?"