ஒச்சப்பன் மாஷ் வெட்டிய ஒன்பது பெயர்கள்

கமலாக்ஷி டீச்சருக்கு ஒச்சப்பனை முதல் நாளே பிடிக்காமல் போயிற்று. அதற்கு அவர் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. வந்ததே போதுமானதாக இருந்தது.

கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகு வியாபாரி சிகாபுதீன் ராவுத்தரின் தாத்தா தமிழ்ப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய சின்னப் பள்ளிக்கூடம் அது. கமலாக்ஷி அங்கே பதினான்கு வருஷமாக வேலை பார்த்தாள். பழைய ஹெட்மாஸ்டர் ஓய்வு பெற்ற பிறகு ஒரு வருஷம் அவர் நாற்காலியில் அவள்தான் இருந்தாள். நாற்காலி தனக்குத்தான் என்று அவளும் நினைத்தாள், ஊரும் நினைத்தது. 1960 ஜூனில், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை, மேனேஜர் சிகாபுதீன் ராவுத்தர் ஒரு கிழவரைக் கூட்டிக்கொண்டு வந்து இவர்தான் புது ஹெட்மாஸ்டர், ஒச்சப்பன் மாஷ் என்றார். தேவிகுளத்துக்கும் மேலே ஒரு தேயிலை எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் இருபத்துநாலு வருஷம் வாத்தியாராக இருந்தவர். நெஞ்சுச் சளிக்கு மலைக்குளிர் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் இறங்கி வந்திருக்கிறார். கொச்சிப் புழுக்கத்தில் எல்லோரும் வேர்த்து வழிந்துகொண்டிருக்க, அவர் மட்டும் கழுத்தில் கம்பளி மப்ளர் சுற்றியிருந்தார்.

கமலாக்ஷி சாவிக்கொத்தை மேசையில் வைத்தாள். வைத்தாள் என்பதைவிடப் போட்டாள் என்பதே சரி. நாற்காலியில் கிடந்த தன் மெத்தையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள். அவர் வெறும் பலகையில் உட்கார்ந்தார்.

அவரைப் பற்றி அவளுக்கு எல்லாமே குற்றமாகத்தான் பட்டது. அவர் பேசும் தமிழ் மதுரைப் பக்கத்துத் தோட்டத் தமிழ், மலையாளம் ஒரு வரி வராது. சிரிக்க மாட்டார். பிள்ளைகளின் நகத்தைப் பார்த்து, அழுக்கிருந்தால் வீட்டுக்கு அனுப்பாமல் தானே குழாயடிக்கு இழுத்துப் போய்த் தேய்ப்பார். பாலக்காட்டிலிருந்து நான்கு தலைமுறைக்கு முன்னால் வந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்த அவளுக்கு, தோட்டக் கூலிகளின் வாத்தியார் ஒருவர் தன் பாடக்குறிப்பு நோட்டில் கையெழுத்துப் போடுவது நெருஞ்சி முள்ளாக உறுத்தியது. தாழ்வாரத்தில் அவர் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

மூன்றாம் நாள் அவர் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கினார். மாலையில் கமலாக்ஷியையும், இன்னொரு டீச்சரான ஷரீஃபாவையும் கூப்பிட்டார். பதிவேட்டில் எழுபத்தெட்டுப் பெயர். அதில் ஒன்பது பெயர்மேல் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார்.

அந்த ஒன்பது பேரும் பள்ளிக்கு வருவதில்லை என்பது இரண்டு டீச்சர்களுக்கும் தெரியும். ஜூலையில் கல்வி அதிகாரியான ஏ.இ.ஓ. வந்து தலை எண்ணுவார். எழுபத்தைந்து இருந்தால் மூன்று ஆசிரியர், ஒன்று குறைந்தாலும் இரண்டு பேர்தான். எண்ணுகிற அன்றைக்கு அக்கம்பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை உட்கார்த்தி வைத்து ஒப்பேற்றுவது நாலைந்து வருஷமாக நடந்துவந்தது. வேலை போவது ஹெட்மாஸ்டரைத் தொடாது என்று எல்லோரும் நம்பியிருந்ததால், போனால் ஷரீஃபா போவாள், அடுத்து தான் என்பது கமலாக்ஷியின் கணக்கு.

"மாஷே, இந்த நாட்டுல எல்லா ஸ்கூலிலேயும் இப்படித்தானாக்கும். இந்த ஷரீஃபாக் குட்டிக்கு ரெண்டு சின்னக் குழந்தைகள் இருக்கு. அது வயித்துல அடிக்கவா மலையிலேர்ந்து இறங்கி வந்தேள்?" என்று கமலாக்ஷி கேட்டாள்.

ஒச்சப்பன் பதிவேட்டை மூடினார். "வராத புள்ளைய வந்ததா எழுத மாட்டேன், டீச்சரம்மா. ஒம்பது பேரும் எங்க இருக்காகன்னு தேடுவோம். நீங்களும் வரணும். எனக்கு இந்த ஊரு பாஷை தெரியாது."

வர முடியாது என்று சொல்ல வாயெடுத்தவள், வராவிட்டால் அதையும் எழுதி வைப்பார் என்ற பயத்தில் போனாள். ஒரு வாரம் மழையில் குடை பிடித்துக்கொண்டு, அவருக்குப் பத்தடி பின்னால் நடந்தாள். ஒன்பதில் மூன்று பேர் குடும்பத்தோடு ஊரைவிட்டே போயிருந்தார்கள். இரண்டு பேர் மலையாளப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் நாலு பேர் கொச்சங்காடியில், சுக்குப் பண்டகசாலைகளில், தாய்மாரோடு உட்கார்ந்து சுக்கு தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கேதான் மனிதரின் சுபாவம் என்ன என்பதை அவள் பார்த்தாள். கெஞ்சவும் மாட்டார், புத்தி சொல்லவும் மாட்டார். மலையில் விடியற்காலை லயங்கள் என்ற கூலிக் குடியிருப்புகளுக்குப் போய், தாய்கள் கொழுந்து கிள்ளக் கிளம்பும் முன்னால் பிள்ளைகளை வாங்கிக்கொண்டு வருவாராம். அதே பழக்கத்தில் பண்டகசாலை வாசலில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரி மலையாளத்தில் திட்டினான். கமலாக்ஷி அதைத் தமிழில் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. நான்கு நாள் காலையில் அப்படி உட்கார்ந்து, இருமி இருமி, மூன்று பிள்ளைகளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

நாலாவது பெயர் பேச்சி, ஏழு வயதுப் பெண். அவள் அம்மா பாக்கியலக்ஷ்மி சுக்கு முறத்தை வைத்துவிட்டு வெளியே வந்தாள். வாசலில் உட்கார்ந்திருந்தவர் முகத்தைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவர் காலுக்கு ஒரு சாண் தள்ளித் தரையில் துப்பினாள். பிறகு அவரிடம் பேசாமல் கமலாக்ஷியிடம் திரும்பினாள்.

"டீச்சரம்மா, இந்தாளுகிட்ட எம்புள்ளய விட மாட்டேன். எம்புருசன் செத்த பதினாறாம் நாளு இவரு வாசல்ல போய் நின்னேன். பேச்சி கைப்புள்ள. புள்ள பெத்துக் கெடந்ததுல தோட்டத்துல எம்பேர வெட்டிட்டாக. மூத்தவனுக்குப் பன்னெண்டு வயசு. பதினாலுன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுத்தா அவம்பேரப் பதிவாக, லயத்து வீடு கையவிட்டுப் போகாதுன்னு கால்ல விழுந்தேன். மாட்டேன்னுட்டாரு. மழையில சட்டிபானையத் தூக்கிக்கிட்டு எறங்குனோம்."

ஒச்சப்பன் எழுந்து சாக்கை மடித்தார். சாக்கை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு மழையில் இறங்கி நடந்தார்.

கமலாக்ஷி அன்று அவர் பின்னால் போகவில்லை. பாக்கியலக்ஷ்மியோடு சாயாக் கடைத் திண்டில் உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்டுக்கொண்டாள். பரிதாபம் வந்தது உண்மை. அதைவிட அதிகமாக வந்தது சந்தோஷம். இத்தனை நாள் கிடைக்காத ஆயுதம் கையில் வந்து விழுந்திருக்கிறது. தன் அழகான கையெழுத்தில் நாலு பக்கம் மனு எழுதி, பாக்கியலக்ஷ்மியின் கைநாட்டை வாங்கி, மேனேஜரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். விதவையையும் குழந்தைகளையும் தெருவில் தள்ளிய மனிதர் பள்ளிக்கூடத்துக்குத் தலைவராக இருக்கலாமா என்பது மனுவின் கடைசி வரி.

சிகாபுதீன் ராவுத்தர் மறுநாள் தன் மிளகுக் கடைக்கு இருவரையும் வரச்சொல்லி, மனுவை முழுக்கப் படித்தார். ஒச்சப்பன் நின்றுகொண்டே கேட்டார்.

"இது நிசமா மாஷே?" என்றார் மேனேஜர்.

"நெசந்தான்."

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று மேனேஜர் இரண்டு முறை கேட்டார். இரண்டாம் முறைதான் பதில் வந்தது, அதுவும் கடைச் சுவரைப் பார்த்து.

"அதுக்கு முந்தின வருசம் ஒரு பயலுக்கு அப்படி எழுதிக் குடுத்தேன். செல்லதுரைன்னு பேரு. பன்னெண்டப் பதினாலாக்கிக் கையெழுத்துப் போட்டேன். ஃபாக்டரியில எல உருட்டுற மெசின்ல கைய விட்டுட்டான். முழங்கையோட போச்சு. இந்தம்மா வந்து நின்னப்ப எனக்கு அவன்தான் தெரிஞ்சான். வீடு போயிரும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் மாட்டேன்னேன்."

"அப்போ அந்தக் குடும்பம் மழையில நின்னது சரீன்னு சொல்றேளா?" என்றாள் கமலாக்ஷி.

"சரின்னு நான் எப்பச் சொன்னேன்?"

அவ்வளவுதான். இருமிக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டார். ஏ.இ.ஓ. வந்து போகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மனுவை மேனேஜர் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். கமலாக்ஷிக்கு மனம் இளகவில்லை. இன்னும் கசந்தது. கத்தியிருந்தாலும் மறுத்திருந்தாலும் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒப்புக்கொண்ட மனிதரை என்ன செய்வது?

ஜூலை மூன்றாம் வாரம் ஏ.இ.ஓ. வந்தார். அக்கம்பக்கத்துப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. அறுபத்தொன்பதோடு திரும்பி வந்த மூன்றும் சேர்ந்து எழுபத்திரண்டு. மூன்று தலை குறைவு. ஒரு ஆசிரியர் பணியிடம் போயிற்று. அன்று மதியம் ஷரீஃபா சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமல் அழுதுகொண்டிருந்தாள். கமலாக்ஷி அவளைத் தேற்றிக்கொண்டே, ஹெட்மாஸ்டர் காதில் விழும்படி சில வார்த்தைகள் சொன்னாள். பின்னால் அவற்றை நினைத்தபோது அவளுக்குக் கூசியது.

ஆகஸ்டு கடைசியில் உத்தரவு வந்தது. பள்ளியில் கடைசியாகச் சேர்ந்தவர் எவரோ அவரை விடுவிக்கவும் என்று இருந்தது. தலைமைப் பதவி மேனேஜர் கொடுத்த நாற்காலிதானாம், பணிமூப்புக்கு அது கணக்கில்லையாம். கடைசியாகச் சேர்ந்தவர் ஒச்சப்பன்.

கமலாக்ஷி உத்தரவை இரண்டு தடவை படித்தாள். மேனேஜர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். பதிவேட்டில் கோடு போட்ட அன்று சாயங்காலமே ஒச்சப்பன் கடைக்கு வந்தாராம். ஒரு வேலை போகும், சட்டப்படி அது தன்னுடையதாகத்தான் இருக்கும், மேனேஜருக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டாராம். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. டீச்சர்களிடம் சொல்லக்கூடாது என்றும் வாக்கு வாங்கிக்கொண்டாராம். தங்கள் வேலை போகாது என்று தெரிந்தால் மரியாதை பண்ண ஆரம்பித்துவிடுவார்கள், பிள்ளைகளைத் தேடி ஒருத்தரும் வரமாட்டார்கள் என்றாராம்.

அவள் நேரே பள்ளிக்கு வந்தாள். அவர் தன் இரண்டு புத்தகங்களையும் மருந்துக் குப்பியையும் பையில் வைத்துக்கொண்டிருந்தார். வெட்கம் அவளுக்குக் கோபமாகத்தான் வெளியே வந்தது.

"முன்னாடியே சொல்லப்படாதா? சொல்லியிருந்தா நான் அந்த மனுவை எழுதியிருப்பேனா?"

"எழுதியிருக்கணும்," என்றார் அவர். "அந்தம்மா சொன்னது பொய்யில்லையே."

"நீங்க என்ன மனுஷர், மாஷே?"

அவர் சாவிக்கொத்தை மேசைமேல் சத்தமில்லாமல் வைத்தார். இரண்டாம் வகுப்பில் மூன்று பேருக்குக் கூட்டல் இன்னும் வரவில்லை என்று பெயர்களைச் சொன்னார். வாசல்வரைக்கும் அவளும் போகவில்லை, அவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஷரீஃபா மட்டும் மழையில் கேட்வரைக்கும் ஓடிப்போய் நின்றுவிட்டு வந்தாள். இடக்கொச்சியில் ஒரு மருமகள் வீடு இருப்பதாகவும் அங்கே போகிறார் என்றும் சொன்னாள்.

அவர் போன மறு திங்கட்கிழமை பாக்கியலக்ஷ்மி பேச்சியைக் கொண்டுவந்து விட்டாள். அந்த ஆள் போயாச்சா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் உள்ளே அனுப்பினாள்.

கமலாக்ஷி ஹெட்மிஸ்ட்ரஸ் ஆனாள். எத்தனையோ வருஷம் ஆசைப்பட்ட நாற்காலி. இரண்டே டீச்சர்கள் நான்கு வகுப்பைப் பார்த்தார்கள். தொண்டை கட்டிப்போகும் நாட்களில் அவள் ஒச்சப்பனை மனதுக்குள் திட்டினாள். ஆனால் அடுத்த ஜூனில், யாரும் சொல்லாமலே, குடையை எடுத்துக்கொண்டு கொச்சங்காடிக்கு நடந்தாள். சாக்கு விரித்து உட்கார அவளால் முடியாது. நின்றுகொண்டே மேஸ்திரியோடு மலையாளத்தில் சண்டை போட்டாள். ஆறு பிள்ளைகள் கிடைத்தார்கள்.

1962 தொடக்கத்தில் மலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. டாக்டர் பேச்சைக் கேட்காமல் ஒச்சப்பன் திரும்ப மேலே போய்விட்டிருந்தார். வேறொரு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லையாம், அவரை எடுத்துக்கொள்ளப் போகிறார்களாம். மட்டாஞ்சேரியில் வேலை பார்த்த பதினொரு வாரத்துக்கும் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டிருந்தார். சௌக்கியமா என்று ஒரு வரி கிடையாது.

கமலாக்ஷி படிவத்தை நிரப்பினாள். சேர்ந்த தேதி, விடுவித்த தேதி, காரணம் எல்லாம் எழுதிவிட்டு, நடத்தை என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினாள். பக்கத்தில் நின்ற ஷரீஃபா, "மிக நன்றுன்னு எழுதுங்க டீச்சர்," என்றாள்.

"எனக்கு அவரைப் பிடிக்காது, ஷரீஃபா. இன்னிக்கும் பிடிக்காது."

"பிடிக்கவேண்டாம். எழுதுங்க."

கமலாக்ஷி "மிக நன்று" என்று எழுதி, முத்திரை குத்தினாள். மை காயும்வரை காத்திருந்து மடித்து உறையில் போட்டாள். பியூனிடம் கொடுக்காமல், மத்தியான வெயிலில் தானே தபாலாபீசுக்கு நடந்துபோய்ப் பதிவுத் தபாலில் சேர்த்தாள்.