மதனா வரும் இடம்

அழகரண்ணன் வந்தால் குடையை வாசலில் சாய்த்துவைத்துவிட்டு, கட்டிலோரம் கிடக்கிற முக்காலியில் என் வீட்டுக்காரருக்கு நேரே உட்காருவார். தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரே ஒரு அடி பாடுவார்.

“வில்லெடுத்துப் போறேனடி, வெடை குடுடி ரதியே...”

அவ்வளவுதான். பாரிசவாதம் வந்த நாளிலிருந்து தண்ணி என்று கேட்கக்கூட வாய் வராமல் “தா... தா...” என்று தவிக்கிற மனுசர், தலையை லேசாகச் சாய்த்து, எழுத்துப் பிசகாமல் பாடுவார்.

“போன வழி பாத்திருப்பேன், பொழுதடைய வந்திடுங்க மதனா.”

அந்த மதனாவில் ஒரு குழைவு வரும் பாருங்கள், எனக்கு அங்கேதான் பற்றிக்கொண்டு வரும். வாயில் ஒழுகுவதைத் துடைக்கிறவள் நான். இடுப்பைப் பிடித்துத் தூக்கிக் கக்கூசுக்குக் கூட்டிப்போகிறவள் நான். பேச்சு மட்டும் பக்கத்து லய வரிசையில் குடியிருக்கிற அழகரண்ணனுக்கு. ஊரில் எல்லாருக்கும் சக்களத்தி பொம்பளையாக வருவாள். எனக்கு மீசை வைத்துக்கொண்டு வந்து வாய்த்திருக்கிறது.

இரண்டு பேரும் வாலிபத்தில் தேயிலைத் தோட்டத்துக் காமன்கூத்தில் வேசம் கட்டியவர்கள். அண்ணன் மன்மதன், இவர் ரதி. எனக்குக் கல்யாணமாகி வந்த மாசியில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். சேலை கட்டி, கன்னத்தில் மை வைத்து, சிவன் எரித்துச் சாம்பலான மன்மதனுக்காக என் புருசன் மாரடித்து அழுதார். லயமே கூட அழுதது. நான் மட்டும், நமக்காக இந்த ஆள் இப்படி அழுவாரா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அப்போதே எனக்கு இந்தப் புத்திதான்.

போன வாரம் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது, பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஸஜீதா மிஸ்ஸிடம் இதைக் கொட்டிவிட்டேன்.

“வேணும்னே செய்றாரோன்னு இருக்கு மிஸ். பாட வாய் வருது. என்னையக் கூப்பிட மட்டும் வரல.”

அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. மேசையிலிருந்த பிளாஸ்டிக் மூளையை இரண்டாகப் பிரித்துக் காட்டியது.

“இடப்பக்கம் இந்த இடத்துலதான் பேச்சு இருக்கு. அங்கதான் ரத்த ஓட்டம் அடைச்சிருக்கு. ராகம் பெரும்பாலும் வலப்பக்கம். அந்தப் பக்கத்துக்கு ஒண்ணும் ஆகல. பாட்டுமேல ஏறிக்கிட்டு வார்த்தையும் வந்துடுது. அவர் வேணும்னு செய்யல.”

நான் அந்தப் பொம்மையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். இந்தக் கைப்பிடி அளவுக்குள் அரிசி விலை, என் முகம், முப்பது வருசத்துக்கு முந்திய பாட்டு எல்லாம் எப்படித்தான் அடைந்து கிடக்கிறதோ. லயத்தில் ஒட்டி ஒட்டி இருக்கிற காம்பரா வீடுகளில் ஒன்று எரிந்து பக்கத்துக் காம்பரா தப்பியதைப் பார்த்திருக்கிறேன். அப்படியென்றால் அழகரண்ணன் தப்பிய காம்பராவில் இருக்கிறார். நான் எரிந்ததில் இருந்திருக்கிறேன்.

“வீட்ல உங்கள என்னன்னு கூப்பிடுவார்?” என்று மிஸ் கேட்டது.

“இந்தான்னுவாரு.”

“பேர் சொல்ல மாட்டாரா?”

“விஜயலெட்சுமின்னு ஒரு நாளும் சொன்னதில்ல. விசயான்னுகூட இல்ல.”

“நீங்க அவர் பேரைச் சொல்லியிருக்கீங்களா?”

நான் பொம்மையை மேசையில் திருப்பி வைத்தேன். மிஸ் இவர் கையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே சொன்னது. “பாட்டுக்குள்ள வச்சுப் பாருங்க. சில பேருக்கு அப்படி வந்திருக்கு.”

லுணுகலை பஸ்ஸில் திரும்பி வரும்போது இவர் என் தோளில் தூங்கிவிட்டார். சாவதற்குள் ஒரு தடவை என் பேர் அந்த வாயில் வர வேண்டும். வேறொன்றும் வேண்டாம் என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. அண்ணனைக் காணோம். இவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல். சாயத் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முக்காலியை இழுத்துப்போட்டு அவருக்கு நேரே உட்கார்ந்தேன். எனக்குப் பாட வராது. மலையில் கொழுந்தெடுக்கும்போது பாடினால்கூடப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

“வில்லெடுத்துப் போறேனுங்க, வெடை குடுங்க...”

ரதியே என்கிற இடம் வந்தது. நாக்குக் கூசியது. ஆத்தா சொல்லி வளர்த்தது, புருசன் பேரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று. இனி என்ன குறையக் கிடக்கிறது.

“...கிருஷ்ணராசா.”

இவர் கண் விரிந்தது. யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். அப்புறம் தலையைச் சாய்த்தார், ரதி சாய்க்கிற அதே சாய்ப்பு.

“போன வழி பாத்திருப்பேன், பொழுதடைய வந்திடுங்க...”

நின்றுவிட்டது. மதனா வரவில்லை. திறந்த வாய் அப்படியே இருக்க, உதடு எதையோ தேடியது. விடவில்லை மனுசர். மறுபடி முதலிலிருந்து பிடித்துக்கொண்டு வந்தார். மறுபடியும் அதே இடத்தில் நின்றார். இன்னொரு பேரை என்மேல் வைக்க அவருக்கு மனசில்லை என்று எனக்குப் பட்டது. அது வெறும் மூளைச் சங்கதியாகக்கூட இருக்கலாம். மிஸ்ஸிடம் கேட்டால் தெரியும். நான் கேட்கப்போவதில்லை.

வாசலில் நிழல் தட்டியது. அழகரண்ணன். குடையை மடக்காமலே நின்றுகொண்டிருந்தார், எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. பார்வை முக்காலியில் இருந்தது. அவர் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்; இத்தனை நாள் அவரைப் பார்த்து நான் வைத்திருந்த முகம் இப்போது அவருக்கு வந்திருந்தது.

வாங்கண்ணே என்று சொல்லியிருக்க வேண்டும்.

இவர் மூன்றாம் தடவை தொடங்கிவிட்டார். “பொழுதடைய வந்திடுங்க...” அந்த இடம் வந்ததும் வாசலில் அண்ணனுடைய உதடு சத்தமில்லாமல் அசைந்தது. ம.

இவர் திரும்பிப் பார்ப்பதற்குள், இரண்டு கையாலும் அந்த முகத்தை என் பக்கமாகப் பிடித்துக்கொண்டு, உரக்க, அபசுரமாக, முதல் அடியை நான் எடுத்தேன்.