மெழுகும் கரையும்

வெள்ளைத் தூள் குடுவையின் அடியில் சட்டமாக உட்கார்ந்திருந்தது. காலையிலிருந்து கலக்கியாகிவிட்டது, சூடாக்கியும் பார்த்தாகிவிட்டது. தண்ணீரை அது மதிக்கவேயில்லை. அக்கா குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். மாத்திரையாக வேண்டிய மருந்து. கரையாவிட்டால் வயிற்றுக்குள் போய்ச் சும்மா ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடும். ஆனால் தம்பி கணினியில் பழக்கி வைத்திருக்கும் மாடல், மூலக்கூறின் படத்தைப் பார்த்ததுமே ‘நன்றாகக் கரையும்’ என்று சொல்லிவிட்டது. அதை நம்பித்தான் மாதக்கணக்கில் மெனக்கெட்டு இதைச் செய்தாள்.

தம்பி கதவைத் தாண்டி உள்ளே வரவில்லை. லேப் நாற்றம் சட்டையில் ஒட்டிக்கொள்ளுமாம்.

“அக்கா, இன்னும் கொஞ்சம் கலக்கிப் பாரேன்.”

“நீ வந்து ஒரு பாட்டுப் பாடேன். மனசு இளகிக் கரைஞ்சாலும் கரையும்.”

குடிக்கவும் குளிக்கவும் தவிர வேறெதற்கும் தண்ணீரைத் தொட்டறியாதவன். முதலாளியிடம் கெஞ்சி இவனை உள்ளே கொண்டுவந்ததே அவள்தான். இப்போது மாடலே எல்லாம் சொல்லிவிடும்போது லேப் எதற்கு என்ற பேச்சு வந்துவிட்டது. மதியம் முடிவு சொல்லப் போகிறார்கள். நேற்றே ஒருவன் வந்து, அவள் நின்றுகொண்டிருக்கும்போதே, அவள் மேஜையை டேப் வைத்து அளந்தான். தம்பியின் கணினிகளுக்கு அந்த மூலைதான் குளிர்ச்சியாம்.

கையைத் துடைத்துக்கொண்டு அவன் அறைக்குப் போனாள்.

“உன் மாடல்ல மெழுகுவர்த்தி மெழுகைப் போடு.”

“விளையாடாதக்கா.”

“போடுடா.”

போட்டான். ‘நன்றாகக் கரையும்’ என்றது திரை. பிளாஸ்டிக் வாளியைப் போடச் சொன்னாள். அதுவும் நன்றாகக் கரையுமாம்.

“குறி சொல்றவகூட நடுநடுவுல ஒரு கெட்ட சேதி சொல்லுவாடா. இது அதுக்கும் லாயக்கில்ல.”

அவன் காது சிவந்தது. சின்ன வயதில் அடி வாங்கினாலும் முதலில் காதுதான் சிவக்கும்.

“கரையாதது ஒண்ணையாவது நீங்க அதுக்குக் காட்டியிருக்கீங்களா? நீ குடுத்ததைத்தானே அது படிச்சுது?”

முதலாளிக்குக் கெட்ட செய்தி ஆகாது. அதனால் கரைந்ததை மட்டும் மேலே சொல்வார்கள். கரையாததைப் பின்பக்கக் கழிவுக் கேனில் கொட்டிவிட்டு அடுத்ததைப் பார்ப்பார்கள். இங்கே அதுதான் வழக்கம். இருப்பவர்களிலேயே சத்தமில்லாமல் கொட்டுபவள் அவள்தான். கரையாதது என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அந்த மாடலுக்குத் தெரியாது. தம்பிமேல் அவள் வைத்திருந்த இளக்காரத்தில் பாதி திரும்பி வந்து அவள் மடியிலேயே உட்கார்ந்தது.

“சார்கிட்ட சொல்லிடாதக்கா. சொன்னா என்னை அனுப்பிடுவார்.”

“சொல்லலைன்னா என்னை அனுப்புவார்.”

“உனக்கு எங்க போனாலும் வேலை கெடைக்கும்.”

எவ்வளவு சுலபமாகச் சொல்கிறான். தட்டில் கடைசித் துண்டை எடுக்கும்போதும் இப்படித்தான், உனக்குத்தான் பசிக்காதே என்பான்.

மதியம் நீள மேஜையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். தட்டில் எதை வைத்தாலும் தலையாட்டும் கூட்டம். அக்கா குடுவையை முதலாளி முன்னால் வைத்தாள்.

“இதானா அது?” என்று அவர் குடுவையின் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, இருமல் மருந்தைக் குலுக்குவதுபோல் ஒரு குலுக்குக் குலுக்கினார். அடியிலிருந்த தூள் கிளம்பி, குடுவை முழுக்கப் பால் மாதிரி வெளுத்தது.

“அட, கரைஞ்சிடுச்சே!”

யாரோ கை தட்டினார்கள். வேதியியல் படித்தவர்கள் மேஜையைச் சுற்றி நிறையவே இருந்தார்கள். அவர்களும் தட்டினார்கள். முதலாளி குடுவையைக் கீழே வைத்துவிட்டு, லேப் அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். பிறகு தம்பியின் புதிய பொறுப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

தம்பி முதலாளியைப் பார்க்கவில்லை. குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கை மேஜைமேல் மெல்ல ஊர்ந்து வந்தது, இன்னொரு தடவை குலுக்கிவிட. அக்கா குடுவையைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு கையாலும் வளைத்துக்கொண்டாள்.

“அக்கா,” என்றான், உதடு மட்டும் அசைய.

அவள் உள்ளங்கைகளுக்கு நடுவே, மேலே விரலகலத்துக்குத் தண்ணீர் தெளிந்திருந்தது. அதற்குக் கீழே வெள்ளை, அவசரமேயில்லாமல், இறங்கிக்கொண்டிருந்தது.