எடுத்து வைத்த கறி

கறிக்கடைக்காரர் அவளுக்கென்று ஒரு பொட்டலம் எப்போதும் தயாராக வைத்திருப்பார். போனதும் கையில் கொடுத்துவிடுவார். கூட்டத்தில் நிற்க வேண்டியதில்லை. மகளுக்கு எதுவும் ஒத்துக்கொள்ளாத இந்த ஒரு வருடத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே சலுகை அதுதான்.

அறுத்த கறியில் நேரமாக ஆக ஹிஸ்டமின் என்றொரு பொருள் ஏறும், மற்றவர்களை அது ஒன்றும் செய்யாது, இந்தப் பெண்ணுக்கு விஷம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அறுத்த சூட்டோடு வாங்கிச் சமைக்க வேண்டும். அப்படித்தானே செய்தாள்? இருந்தும் மகளுக்கு உடம்பெல்லாம் தடித்தது, நெஞ்சு படபடத்தது. முதலில் ஆட்டுக்கறி போயிற்று. கோழியும் சேரவில்லை என்றால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் உணவு.

இன்று கடை திறக்கும்போதே போய்விட்டாள். கடைக்காரர் ஐஸ் பெட்டியிலிருந்து அவளுடைய கறியை எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இது எப்ப அறுத்தது?"

"நேத்து சாயங்காலமே உங்களுக்குன்னு எடுத்து வச்சிடுவேன்கா. காலையில ஹோட்டல்காரங்க வந்தா நல்ல தொடையெல்லாம் அள்ளிட்டுப் போயிடுவாங்க. முடியாத பொண்ணுக்கு எலும்பையா குடுக்கிறது?"

பொட்டலத்தின் குளிர்ச்சி கழுவின தண்ணீரால் வந்தது என்று நினைத்திருந்தாள். முதல் நாள், வியாதியை விளக்க வெட்கப்பட்டு, பெண்ணுக்கு உடம்பு முடியவில்லை, நல்லதாகப் பார்த்துக் கொடுங்கள் என்று மட்டும் சொன்னாள். அவர் நல்லதாகவே பார்த்துக் கொடுத்தார்.

கண்ணெதிரே ஒரு கோழியை அறுக்கச் சொல்லி வாங்கி, ஓட்டமும் நடையுமாக வந்து சமைத்தாள். மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததை மூச்சுவிடாமல் சொன்னாள்.

"போன தடவை சட்டிதான் காரணம்னே. அதுக்கு முன்னாடி எண்ணெய். நாளைக்குத் தண்ணி மேல பழி போடுவே," என்றாள் மகள் திரும்பாமல். "விடும்மா. குழாயே போட்டுக்கறேன். பயமில்லாம படுத்திருக்கலாம்."

"இது நிஜம்டி."

"எல்லாமே நிஜம்னுதான் சொன்னே."

இத்தனை நாளும் இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய் என்று அந்தப் பழைய கறியைக் கெஞ்சி ஊட்டியது இந்தக் கைதான். இந்தக் கைக்கு மகள் ஏன் வாய் திறக்க வேண்டும்? எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டாள்.

"குழாய் போட்டுடலாம்னு டாக்டருக்குப் போன் போடும்மா," என்றாள் மகள்.

அவள் தட்டைத் தரையில் வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.